அணைக்க முடியாத உலை: நொடிந்துபோகும் உருக்காலையை அரசு எப்படிக் காப்பாற்றுகிறது?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த பிரிட்டன் எம்பிக்களை அவசர அவசரமாக லண்டனுக்குத் திரும்ப அழைத்தார்கள். போர் எதுவும் மூளவில்லை, ஆட்சியும் கவிழவில்லை. லிங்கன்ஷயர் பகுதியில் ஸ்கன்தார்ப் என்ற ஊரில் இரண்டு உலைகள் அணையப் போகின்றன என்பதுதான் விஷயம். அதற்காகக் கூடிய நாடாளுமன்றம் இரண்டு அவைகளிலும் ஒரே நாளில் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, அன்றைக்கே மன்னரின் ஒப்புதலையும் வாங்கிவிட்டது.

ஒரு கம்பெனி நஷ்டப்பட்டு மூடினால் எந்த நாட்டு நாடாளுமன்றமும் விடுமுறையைக் கெடுத்துக்கொண்டு ஓடிவராது. உருக்காலைக்கு மட்டும் ஏன் இந்தப் பதற்றம்? ‘உருக்குத் துறையை மீட்க அரசு நடவடிக்கை’ என்று செய்தி வருகிறதே, அதில் உண்மையில் என்ன நடக்கிறது? கொட்டும் பணம் எங்கே போகிறது? இதையெல்லாம் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஆனால் உலை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

உலைக்குள் என்ன நடக்கிறது

உருக்கு செய்ய இன்றைக்கு இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. பழைய இரும்பை வாங்கி மின்சாரத்தால் உருக்குவது ஒன்று. இதற்கு மின்வில் உலை வேண்டும். மண்ணிலிருந்து தோண்டியெடுத்த இரும்புத்தாதுவைக் கொண்டு புதிதாக இரும்பு எடுப்பது இன்னொன்று. இதற்கு ஊதுலை வேண்டும். மின்வில் உலையைத் தேவைக்கு ஏற்ப நிறுத்தலாம், மறுபடி ஓட்டலாம். ஊதுலையில் அது நடக்காது.

ஊதுலை என்பது பல மாடி உயரமுள்ள ஒரு கோபுரம். உச்சியிலிருந்து இரும்புத்தாது, கல்கரி (நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கோக்), சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். அடிப்பக்கத்தைச் சுற்றியுள்ள குழாய்கள் வழியாக 1,000 டிகிரி வரையிலும் அதற்கு மேலும் சூடேற்றிய காற்றை உள்ளே ஊதுவார்கள். கல்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அது மேலே ஏறும் வழியில் தாதுவில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். இரும்பு உருகி அடியில் தேங்கும், அதன் மேல் கசடு மிதக்கும். அடியில் ஒரு துளை இருக்கிறது. அதை ஒருவகைக் களிமண்ணால் அடைத்து வைத்திருப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் துளைத்துத் திறந்தால் சுமார் 1,500 டிகிரி சூட்டில் இரும்பு வாய்க்காலில் பாய்ந்து வரும். வடிந்து முடிந்ததும் துளையை மறுபடி அடைத்துவிடுவார்கள்.

இது இரவு பகல் நிற்காது. உள்ளே பதித்திருக்கும் தீச்செங்கல் தேய்ந்து, அதை மாற்ற வேண்டிய கட்டம் வரும்வரை ஓட வேண்டும். நன்றாகப் பராமரித்தால் 15, 20 வருஷம்கூட ஓடும். நடுவில் காற்றைக் குறைத்து, கல்கரியைக் கூடுதலாகப் போட்டு, சில வாரங்கள் உலையைத் தூங்க வைக்கலாம். அதற்கும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். திட்டமில்லாமல் மூலப்பொருள் தீர்ந்து உலை ஆறிவிட்டால், பாத்திரத்தோடு பிடித்துக்கொண்ட வெல்லப்பாகு கதைதான். உள்ளே இருக்கும் இரும்பும் கசடும் ஒரே பாறையாக இறுகிவிடும். சூட்டில் விரிந்திருந்த செங்கற்கள் சுருங்கி வெடிப்பு விடும். திரும்ப ஓட்டுவதென்றால் அந்தப் பாறையை உடைத்தெடுத்து, செங்கல் முழுவதையும் புதிதாகப் பதிக்க வேண்டும். பழைய உலைக்கு அவ்வளவு செலவு செய்ய யாரும் முன்வருவதில்லை.

ரெட்கார் என்ற ஊர் இதைக் கண்ணால் பார்த்தது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் இருந்த அந்த ஆலையில் ஐரோப்பாவிலேயே பெரிய ஊதுலைகளில் ஒன்று இருந்தது. தாய்லாந்தைச் சேர்ந்த எஸ்எஸ்ஐ நிறுவனம் அதை நடத்தி வந்தது. 2015-ல் உருக்கு விலை சரிந்தபோது நிறுவனம் நொடிந்தது. அன்றைய அரசு உற்பத்தியைத் தொடரப் பணம் கொடுக்கவில்லை. கல்கரி அடுப்புகளையும் அணைத்துவிட்டார்கள். சுமார் 2,200 பேருக்கு வேலை போனது. பல வருஷம் எலும்புக்கூடுபோல் நின்ற அந்த உலையை 2022-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து ஸ்கன்தார்ப் விஷயத்தில் எம்பிக்கள் ஓடோடி வந்ததற்கு, ரெட்கார் நினைவும் ஒரு காரணம்.

ஆக, உருக்காலை முதலாளிக்கும் அரசுக்கும் நடக்கும் பேரத்தில் உலை ஒரு கெடு வைத்துவிடுகிறது. மற்ற தொழில்களில் ‘ஆறு மாதம் மூடி வைப்போம், நிலவரம் சரியானதும் திறக்கலாம்’ என்று சொல்ல முடியும். இங்கே முடியாது. கையிருப்பில் எத்தனை நாளுக்குக் கல்கரி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அரசு முடிவெடுக்க வேண்டும். ‘பணம் கொடுங்கள், இல்லையென்றால் உலையை அணைத்துவிடுவேன்’ என்று முதலாளி சொன்னால், அதை வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏன் நொடிகிறார்கள்

உருக்காலையின் செலவில் பெரும்பகுதி உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு. உலை, உருட்டாலை, கடன் வட்டி, ஆயிரக்கணக்கானவர்களின் சம்பளம் எல்லாம் அப்படியே நிற்கும். முழு உற்பத்தி நடந்தால் அந்தச் செலவு நிறைய டன்களுக்குப் பங்கிடப்பட்டு, ஒரு டன்னுக்கு ஆகும் செலவு இறங்கும். உற்பத்தியைப் பாதியாக்கினால் செலவு பாதியாவதில்லை. அதனால் விலை விழும்போதும் ஆலைகள் உற்பத்தியைக் குறைப்பதில்லை. எல்லோரும் ஓட்டிக்கொண்டே இருப்பதால் விலை இன்னும் விழுகிறது.

இதே தவறை உலக அளவில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு சீனா உதாரணம். 2024-ல் உலகம் முழுவதும் செய்த உருக்கு ஏறக்குறைய 188 கோடி டன். அதில் 100 கோடி டன்னுக்கு மேல் சீனாவில் மட்டும். இரண்டாம் இடத்தில் இருக்கும் இந்தியா செய்தது 15 கோடி டன் அளவுக்குத்தான். சீனாவில் வீடு கட்டும் தொழில் படுத்துவிட, உள்ளூரில் விற்காத உருக்கு கப்பல் ஏறியது. அந்த ஆண்டில் சீனா ஏற்றுமதி செய்தது 11 கோடி டன்னுக்கும் அதிகம். உலகில் தேவைக்கு மேல் கட்டிவைத்திருக்கும் உருக்காலைத் திறன் சுமார் 60 கோடி டன் என்பது வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் கணக்கு. இத்தனை உருக்கு சந்தையில் அலையும்போது, மின்சாரத்துக்கு அதிக விலை கொடுக்கும் பிரிட்டன் போன்ற நாட்டில் உலை ஓட்டிக் காசு பார்ப்பது கஷ்டம்தான்.

இதற்காக சீனாவை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. பழைய எந்திரங்களில் புது முதலீடு போடாமல் காலம் தள்ளிய முதலாளிகள், தேர்தலுக்குத் தேர்தல் கொள்கையை மாற்றிய அரசுகள் என்று பங்காளிகள் நிறைய. ஆனால் பேட்டியில் சொல்வதற்கு சீனாதான் வசதி.

சரி, ஆலை நொடிந்துவிட்டது. அரசிடம் என்ன கருவிகள் இருக்கின்றன? எதை எடுத்தாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘மீட்பு’ என்பதால் நஷ்டம் காணாமல் போவதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. யார் தலைக்கு என்று பார்த்துக்கொண்டே வந்தால் இந்த விஷயம் தெளிவாகிவிடும்.

வரி: வாங்குபவர் தலையில்

அரசுகள் முதலில் எடுக்கும் கருவி இறக்குமதி வரி. கஜானாவிலிருந்து ஒரு பைசா எடுக்க வேண்டியதில்லை, வருமானமும் வரும், தொழிற்சங்கமும் கைதட்டும், முதலாளியும் கைதட்டுவார். வேறெந்த அரசு நடவடிக்கைக்கும் இவ்வளவு ஒற்றுமையான வரவேற்பு கிடைக்காது.

வரியில் இரண்டு வகைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நாடு தன் சொந்தச் சந்தை விலையைவிடக் குறைத்து நம் சந்தையில் கொண்டுவந்து தள்ளுகிறது என்று விசாரித்து நிரூபித்தால், அந்த நாட்டுச் சரக்குக்கு மட்டும் போடுவது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. இறக்குமதி திடீரென்று பெருகி உள்நாட்டுத் தொழில் தள்ளாடுகிறது என்றால், எந்த நாடு என்று பெரிதாகப் பார்க்காமல், ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் போடுவது பாதுகாப்பு வரி. இந்தியா 2025 ஏப்ரலில் சில தட்டை உருக்கு வகைகளுக்கு 200 நாட்களுக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டது. அந்த ஆண்டு இறுதியில் அதை மூன்று வருஷத்துக்கு, 12, 11.5, 11 என்று படிப்படியாகக் குறையும்படி நீட்டித்தது. படிப்படியாகக் குறைப்பதன் பொருள், ‘இதற்குள் சுதாரித்துக்கொள்ளுங்கள்’ என்பதே. இதற்கு முன்னாலும் 2015-ல் 20 சதவீதப் பாதுகாப்பு வரி வந்தது. 2016 பிப்ரவரியில் 173 உருக்குப் பொருட்களுக்கு ‘இந்த விலைக்குக் கீழே இறக்குமதி செய்யக்கூடாது’ என்று குறைந்தபட்ச விலையே நிர்ணயித்தார்கள். பத்து வருஷத்துக்குள் இரண்டு முறை சுதாரிக்க அவகாசம் கொடுத்தாகிவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரி போட்டால் இறக்குமதிச் சரக்கின் விலை ஏறும். அந்த நிழலில் உள்நாட்டு ஆலையும் விலையை ஏற்றிக்கொள்ளும். அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பது யார்? உருக்கை வாங்கி நட்டு, போல்ட், பம்பு, பீரோ, வாகன உதிரிபாகம் செய்பவர்கள். பெரிய கார் கம்பெனி ஆலையோடு நேரடியாகப் பேரம் பேசும். டீலரிடம் தகடு வாங்கும் சின்னப் பட்டறைக்கு அந்த வசதி கிடையாது. உருக்கு செய்பவர்களைவிட உருக்கை வாங்கிப் பிழைப்பவர்கள் எல்லா நாட்டிலும் பல மடங்கு அதிகம். ஆனால் ஒரு வாசலில் ஐயாயிரம் பேர் நின்றால் கேமரா வரும். ஐயாயிரம் பட்டறையில் ஆளுக்கொருவர் வேலையிழந்தால் வராது.

அமெரிக்கா இதில் பழைய கை. 2002 மார்ச்சில் ஜார்ஜ் புஷ் 30 சதவீதம் வரை வரி போட்டார். உலக வர்த்தக அமைப்பு அதை விதிமீறல் என்றது. ஐரோப்பா பதிலுக்கு அமெரிக்கச் சரக்குகள் மீது வரி போடுவோம் என்று பட்டியல் எடுத்தது. 2003 டிசம்பரில் புஷ் வரியை விலக்கிக்கொண்டார். 2018-ல் டிரம்ப் 25 சதவீதம் போட்டார், 2025 ஜூனில் அதையே 50 ஆக்கினார். அமெரிக்கா கதவைச் சாத்தினால் அங்கே போக வேண்டிய உருக்கு வேறு வாசலைத் தேடும். அதனால் ஐரோப்பாவும் தன் கதவைச் சாத்தப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிரிட்டனுக்கு அந்த ஒன்றியமே பெரிய உருக்குச் சந்தை என்பதால், அங்கே விழும் அடி நேராக பிரிட்டிஷ் ஆலைகள் மேல் விழுகிறது.

பணம்: வரி கட்டுபவர் தலையில்

அடுத்த கருவி நேரடியாகப் பணம் கொடுப்பது. இதில் நல்ல வகையும் உண்டு, வீண் வகையும் உண்டு. மாதச் சம்பளத்துக்கும் கல்கரிக்கும் பணம் கொடுத்தால் அந்த மாதத்தோடு கரைந்துவிடும். தொழில்நுட்பத்தை மாற்றக் கொடுத்தால் ஏதாவது மிஞ்சும்.

வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட் ஆலையில் நடந்தது இரண்டாவது வகை. டாடா ஸ்டீல் 2007-ல் கோரஸ் நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்தது இந்த ஆலை. அன்றைக்கு இந்தியக் கம்பெனி ஒன்று பிரிட்டிஷ் உருக்கை வாங்குகிறது என்று நம் பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த வருஷமே உலக நிதி நெருக்கடி வந்தது. கொண்டாட்டம் நீண்ட தலைவலியாக மாறியது. கடைசியில் அரசோடு ஓர் ஒப்பந்தம்: 125 கோடி பவுண்டு செலவில் பெரிய மின்வில் உலை கட்டுவது, அதில் 50 கோடி பவுண்டு அரசு தருவது. ஆலையின் இரண்டு ஊதுலைகளும் 2024-ல் நின்றன, கடைசி உலை செப்டம்பர் 30-ஆம் தேதி. மின்வில் உலைக்குக் கல்கரி அடுப்பு வேண்டாம், தாது வேண்டாம், அவ்வளவு ஆளும் வேண்டாம். சுமார் 2,800 வேலைகள் போயின.

இது மீட்பா, இல்லையா? ஆலை பிழைத்தது, கரியமில வாயு வெகுவாகக் குறையும். ஊரில் பலருக்கு வேலை போனது. புதிய உலை ஓடத் தொடங்க 2027 கடைசியோ 2028-ஓ ஆகும். அதுவரை வெளியிலிருந்து உருக்குப் பாளம் வாங்கித் தகடாக உருட்டுகிறார்கள். தொழிற்சங்கங்கள் ‘புது உலை வரும்வரை ஒரு பழைய உலையையாவது ஓட்டுங்கள்’ என்றன. டாடா அதற்கு ஆகும் செலவைக் காட்டி மறுத்தது. என்னைக் கேட்டால், பணம் கொடுக்கும்போதே அரசு இந்த இடைக்காலத்தைப் பேரத்தில் சேர்த்திருக்க வேண்டும். காசோலையில் கையெழுத்துப் போட்ட பிறகு பேரம் பேசும் பலம் குறைந்துவிடும்.

திவால்: கடன் கொடுத்தவரும் ஓய்வூதியரும்

அரசு எதுவும் செய்யாமல் சட்டத்தை அதன் வேலையைச் செய்ய விடுவதும் ஒரு வழி. கம்பெனி திவாலாகும், கடன் வெட்டப்படும், வேறொருவர் மலிவாக வாங்குவார். ஆலை ஓடும், ஆனால் யாரோ ஒருவர் தன் பாக்கியை இழந்திருப்பார்.

அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் 2001 அக்டோபரில் திவால் மனு போட்டது. அதன் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த பெரும் பள்ளத்தை அரசின் ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஓய்வுபெற்றவர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக சுமார் 95,000 பேர் மருத்துவக் காப்பீட்டை இழந்தார்கள். இந்தச் சுமைகள் கழன்ற பிறகு ஆலையை வாங்கிய முதலீட்டாளர் வில்பர் ராஸ், இன்னும் சில நொடிந்த ஆலைகளோடு சேர்த்து, சில வருஷத்தில் லட்சுமி மிட்டலிடம் பெரும் லாபத்துக்கு விற்றார். ஆலை பிழைத்தது உண்மை. முப்பது வருஷம் உலை முன்னால் நின்றவருக்குக் கையில் என்ன மிஞ்சியது என்பது வேறு கேள்வி.

இந்தியாவில் 2016-ன் திவால் சட்டம் வந்ததும், 2017-ல் ரிசர்வ் வங்கி திவால் நடவடிக்கைக்கு முதலில் அனுப்பிய 12 பெரிய வாராக்கடன் கணக்குகளில் ஐந்து உருக்கு நிறுவனங்கள். பூஷண் ஸ்டீல் டாடாவிடம் போனது. வங்கிகள் கேட்டது சுமார் 56,000 கோடி ரூபாய், கைக்கு வந்தது 35,000 கோடிக்குச் சற்று மேல். எஸ்ஸார் ஸ்டீல் நீண்ட வழக்குக்குப் பிறகு 2019 டிசம்பரில் ஆர்சிலர்மிட்டல், நிப்பான் ஸ்டீல் கூட்டணிக்குப் போனது. அதில் வங்கிகளுக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. கிடைக்காத மிச்சம் யார் பணம்? கடன் கொடுத்ததில் பொதுத்துறை வங்கிகளின் பங்கு பெரிது. அப்புறம் அந்த வங்கிகளுக்கு மூலதனம் கொடுத்தது மத்திய அரசு. சுற்றி வளைத்து நம்மிடமே வந்து நிற்கிறது.

அரசே சாவியை எடுப்பது

இப்போது ஸ்கன்தார்ப். இந்த ஆலையின் கதையை உரிமையாளர் பட்டியலாகச் சொன்னாலே பாதி புரிந்துவிடும். 1967-ல் பிரிட்டனின் 14 பெரிய உருக்கு நிறுவனங்களை அரசுடைமையாக்கினார்கள். 1988-ல் தாட்சர் அரசு மொத்தத்தையும் தனியாருக்கு விற்றது. 1999-ல் ஒரு டச்சு நிறுவனத்தோடு இணைந்து கோரஸ் ஆனது. 2007-ல் டாடா. 2016-ல் டாடா இந்த ஆலை அடங்கிய பிரிவை கிரேபுல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. விலை 1 பவுண்டு. எழுத்துப்பிழை இல்லை, ஒரே ஒரு பவுண்டுதான். வாங்குபவர் கடனையும் நஷ்டத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறார் என்பதால் இப்படி விற்பது வழக்கம். 2019-ல் அதுவும் திவாலாகி, அரசு நியமித்த அதிகாரி சில மாதங்கள் ஆலையை நடத்தினார். 2020-ல் சீனாவின் ஜிங்யே குழுமம் வாங்கியது.

2025 மார்ச்சில் ஜிங்யே, தினமும் 7 லட்சம் பவுண்டு நஷ்டம், உலைகளை மூடப்போகிறோம் என்றது. நம் கணக்கில் தினம் ஏறக்குறைய 8 கோடி ரூபாய். அரசு 50 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னது. ஜிங்யே கேட்டது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் மூலப்பொருள் வாங்குவதை நிறுத்துகிறது என்று தெரியவந்தது. உலையின் கெடு ஓடத் தொடங்கிவிட்டது. அதனால்தான் அந்த சனிக்கிழமைக் கூட்டம்.

அன்று நிறைவேறிய சட்டம் ஆலையை அரசுடைமையாக்கவில்லை. உரிமை ஜிங்யேவிடமே இருந்தது. ஆனால் தொழில்துறை அமைச்சர் ஆலைக்கு உத்தரவு போடலாம்: இந்த மூலப்பொருளை வாங்கு, இவர்களுக்குச் சம்பளம் கொடு, உலையை ஓட்டு. கேட்காவிட்டால் அதிகாரிகள் உள்ளே நுழைந்து பொறுப்பெடுக்கலாம். மீறுபவருக்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. பக்கத்து இம்மிங்ஹாம் துறைமுகத்தில் வந்து கிடந்த சரக்குக்குப் பணம் கட்டி இறக்கினார்கள், லாரிகள் ஆலைக்கு ஓடின. குயின் பெஸ், குயின் ஆன் என்று ராணிகளின் பெயர் வைத்த இரண்டு உலைகளும் அணையாமல் தப்பின.

எதற்காக இவ்வளவு? பிரிட்டனின் ரயில் தண்டவாளங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஆலையில் உருட்டியவை. இந்த உலைகள் போனால், ஜி7 என்ற ஏழு பணக்கார நாடுகளின் குழுவில் தாதுவிலிருந்து இரும்பெடுக்க முடியாத ஒரே நாடாக பிரிட்டன் ஆகிவிடும். ராணுவத் தேவை, நாட்டுப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசினார்கள். அதோடு 2,700 பேர் வேலை, அடுத்த தேர்தல். இவற்றில் எது எவ்வளவு எடை என்று அரசியல்வாதிகள் பிரித்துச் சொல்வதில்லை.

பாருங்கள், இங்கே நடந்தது ஒரு விசித்திரமான ஏற்பாடு. ஆலை ஒருவருடையது, செலவு இன்னொருவருடையது. முழுக்க அரசுடைமையாக்கினால் இழப்பீடு, பழைய கடன், சுற்றுச்சூழல் பொறுப்பு எல்லாம் அரசு தலையில் வரும். ஆக்காவிட்டால் மற்றவர் சொத்துக்கு மக்கள் பணத்தில் கரி வாங்கிக் கொடுக்க வேண்டும். உலைகள் இரண்டும் பழசு, மின்வில் உலைக்கு மாறுவதற்கு முதலீட்டாளரும் பெரும் பணமும் வேண்டும். சனிக்கிழமைச் சட்டத்தால் அரசு வாங்கியது அவகாசம் மட்டும்தான்.

இன்னொரு நவீன வழியும் உண்டு. அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் 2025-ல் வாங்கியபோது, அமெரிக்க அரசு ‘தங்கப் பங்கு’ ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது. காசு போடாமலே, ஆலையை மூடுவது, தலைமையகத்தை மாற்றுவது போன்ற விஷயங்களில் தடை போடும் உரிமை அதில் இருக்கிறது. நல்ல காலத்தில் இது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். நஷ்டம் வரும்போது, மூட விடாத அரசைப் பார்த்து ‘அப்படியானால் நீயே கொடு’ என்று கம்பெனி கை நீட்டலாம்.

விசாகப்பட்டினம்: அரசே முதலாளியாக இருந்தால்

இவ்வளவு நேரமும் தனியார் ஆலையை அரசு காப்பாற்றுவதைப் பார்த்தோம். ஆலை ஏற்கெனவே அரசுடையது என்றால்? அதற்கு விசாகப்பட்டினம்.

ஆந்திராவில் இந்த ஆலை சும்மா வந்ததில்லை. 1966-ல் ‘விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு’, அதாவது விசாகப்பட்டின உருக்கு ஆந்திரர் உரிமை என்ற முழக்கத்தோடு நடந்த போராட்டத்தில் 32 பேர் உயிர்விட்டார்கள். 1971-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை முழுமையடைந்து நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1992-ல், நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது. மூன்று ஊதுலைகள்: கோதாவரி, கிருஷ்ணா, அன்னபூர்ணா. ஆண்டுக்கு 73 லட்சம் டன் செய்யும் திறன்.

இதன் நோய்க்கு மூலகாரணம் சுரங்கம். பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயில், டாடா ஸ்டீல் போன்றவர்களுக்குச் சொந்த இரும்புச் சுரங்கம் இருக்கிறது. தாது விலை ஏறினாலும் அவர்களுக்கு வெட்டியெடுக்கும் செலவுதான். விசாகப்பட்டின ஆலைக்குச் சொந்தச் சுரங்கம் கிடையாது. சத்தீஸ்கரின் பைலாடிலாவிலிருந்து பொதுத்துறைச் சுரங்க நிறுவனமான என்எம்டிசி விற்கும் தாதுவை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கி, மலையிறங்கி வரும் ரயிலில் கொண்டுவர வேண்டும். கல்கரி செய்யத் தேவையான கோக்கிங் நிலக்கரியோ பெரும்பாலும் இறக்குமதி. விற்கும் விலையும் கையில் இல்லை, வாங்கும் விலையும் கையில் இல்லை. இதோடு, திறனை இரட்டிப்பாக்க வாங்கிய கடனுக்கு வட்டி.

அப்புறம் தொடங்கியது சுழல். கையில் பணமில்லாததால் நிலக்கரி வாங்க முடியவில்லை. நிலக்கரி இல்லாததால் உலையை நிறுத்தினார்கள். உலை நின்றதால் உற்பத்தி குறைந்து, மாறாச் செலவு அப்படியே நின்று, கையில் இருந்த கொஞ்சமும் போனது. 2024-ல் பக்கத்து கங்காவரம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது நிலக்கரி கரைசேராமல் ஆலை மூச்சுத்திணறியது. அந்த வருஷம் சில காலம் மூன்றில் ஒரே ஓர் உலைதான் ஓடியது. 2024 மார்ச் கணக்குப்படி, உடனே கொடுக்க வேண்டிய பாக்கி 26,000 கோடி ரூபாய்க்கு மேல், கையிலும் கிடங்கிலும் இருந்தது 7,700 கோடி அளவு. அந்த ஒரு வருஷ நஷ்டம் மட்டும் 4,800 கோடிக்கு மேல்.

2021 ஜனவரியில் மத்திய அமைச்சரவைக் குழு இந்த ஆலையை முழுவதுமாக விற்க ஒப்புதல் கொடுத்திருந்தது. விசாகப்பட்டினத்தில் போராட்டம் வெடித்தது. நிலம் கொடுத்த குடும்பங்கள், ஊழியர்கள், எல்லாக் கட்சிகளும் தெருவுக்கு வந்தார்கள். 2024 தேர்தலில் தில்லி ஆட்சிக்கு ஆந்திர எம்பிக்களின் ஆதரவு தேவைப்பட்டது. 2025 ஜனவரி 17-ல் 11,440 கோடி ரூபாய் மீட்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இதை வெறும் தற்செயல் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த 11,440 கோடியைப் பிரித்துப் பார்த்தால் மீட்பின் உள்விவரம் தெரியும். 10,300 கோடி புதிய பங்கு மூலதனம். அரசு முதலாளியாகப் போடும் பணம், வட்டி கிடையாது. மிச்சம் 1,140 கோடி புதுப் பணமே இல்லை. அரசு ஏற்கெனவே நடைமுறைச் செலவுக்குக் கொடுத்திருந்த கடனை முன்னுரிமைப் பங்காக எழுதி மாற்றியது. ‘இத்தனை ஆயிரம் கோடி’ என்று தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பிரிப்பைத் தேடுங்கள். புதுப் பணம் எவ்வளவு, பழைய கடனைப் பெயர் மாற்றியது எவ்வளவு, பழைய பாக்கியை அடைக்கப் போவது எவ்வளவு, கடைசியில் உலைக்குள் நிலக்கரியாகப் போவது எவ்வளவு என்று.

பணத்தோடு நிபந்தனையும் வந்தது. 2025 ஆகஸ்டுக்குள் மூன்று உலைகளும் ஓட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் குறைப்பதை எதிர்த்துச் சங்கங்கள் போராடின. நஷ்டத்தில் ஒரு பங்கு வரி கட்டுபவர் தலைக்குப் போனதென்றால், இன்னொரு பங்கு ஒப்பந்தத் தொழிலாளர் தலைக்குப் போனது.

தொழிற்சங்கங்கள் பல வருஷமாகக் கேட்பது ஒன்று சொந்தச் சுரங்கம், இன்னொன்று செயில் நிறுவனத்தோடு இணைப்பு. இணைத்தால் செயிலின் சுரங்கத்துத் தாது கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஜனவரி மாதத் திட்டத்தில் இரண்டுமே இல்லை. மூன்று உலைகளும் முழு மூச்சில் ஓடினாலும் தாதுவுக்கு என்எம்டிசி போடும் பில்லைத்தான் கட்ட வேண்டும்.